கல் கொட்டிய கரையில் ஒரு நங்கூரம்

நங்கூரம் போடுகிறவர் முதலில் கணக்குப் பார்ப்பது கயிற்றைத்தான். வடசென்னைக் காசிமேட்டின் ஃபைபர் படகுகளில் கிடக்கும் நங்கூரம் பார்வைக்குப் பெரிய பொருள் இல்லை. இரும்புக் கம்பியை வளைத்து நான்கு கொக்கிகளாகப் பற்றவைத்தது. ஓர் ஆள் ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் பத்துப் பாகம் ஆழமுள்ள இடத்தில் பத்துப் பாகம் கயிறோடு அதை இறக்கினால் படகு நிற்காது. அலை தூக்கும்போதெல்லாம் நங்கூரமும் கூடவே எழும்பி, சேற்றில் கோடு கிழித்துக்கொண்டே போகும். ஆழத்தைப்போல மூன்று மடங்கு, காற்று பலமாக இருந்தால் ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும். அப்போதுதான் இழுவை படுக்கைவாட்டில் விழுந்து கொக்கி மண்ணைக் கவ்வும். கவ்விய இடத்தைப் படகில் இருக்கும் யாரும் பார்க்க முடியாது. கயிறு விறைத்து நிற்பதை வைத்துத் தெரிந்துகொள்வதுதான்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆசிரியர் 6ஆம் அதிகாரத்தின் முடிவில் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு உவமையாக எடுத்தது இந்தச் சாமானைத்தான். அவர் சொல்லும் நங்கூரம் ஆலயத் திரைச்சீலைக்கு அப்பால், கடவுளின் சந்நிதிக்குள்ளே போய்ப் பிடிக்கிறது. ரோம் நகரின் பிரிசில்லா நிலவறைக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் இறந்தவர்களின் கல்மேல் நங்கூரத்தைக் கீறி வைத்தார்கள். 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த 2025 யூபிலி ஆண்டின் சின்னத்திலும் சிலுவையின் அடிப்பகுதி நங்கூரமாக வளைந்திருந்தது. அந்த ஆண்டின் முழக்கத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் விசுவாசிகளை ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்றார்கள்.

‘எதிர்நோக்கு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தில் நிலைத்திருப்பவை என்று மூன்றைச் சொல்கிறார். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒரு சபையில் மூன்றில் இரண்டாவதாக நிற்கும் ‘நம்பிக்கை’ மற்றதில் முதலாவதாகிவிடுகிறது. வடசென்னையில் ஒரே தெருவில் இரண்டு சபைக்காரர்களும் குடியிருக்கிறார்கள். ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் சொல்லி ஜெபிக்கிறார்கள். இந்தக் குழப்பத்திலும் ஒரு லாபம் உண்டு. ‘நம்பிக்கை’ என்கிறபோது யாரை நம்புகிறோம் என்ற கேள்வி எழுகிறது. ‘எதிர்நோக்கு’ என்கிறபோது இன்னும் கைக்கு வராத ஒன்றுக்காகக் கண் வைத்திருக்கிறோம் என்று தெரிகிறது. நங்கூரத்தில் இரண்டுமே இருக்கின்றன.

அப்படியானால் கடவுளை நம்புகிற மீனவக் குடும்பம் வங்கிக் கணக்கையும் காப்பீட்டையும் கரையைக் காக்கும் கல் சுவரையும் எந்த இடத்தில் வைக்க வேண்டும்? காசிமேட்டையும் ராயபுரத்தையும்போல இந்தக் கேள்விக்கு அனுபவத்தோடு பதில் சொல்லக்கூடிய ஊர்கள் குறைவு.

ராயபுரம் என்ற பெயரே இராயப்பரிடமிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. இராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பழைய பெயர். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1829இல் எழுந்தது. அதைக் கட்டியவர்கள் குருகுல வம்சத்தார் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் படகோட்டிகள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையைவிட்டு வெகுதூரம் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை உடையும் இடத்தைத் தாண்டி ஏற்றி இறக்கியது இவர்களுடைய மசூலா படகுகள். அந்தப் படகில் ஓர் ஆணிகூட இருக்காது. பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்து இறுக்கிய ஐரோப்பியப் படகு சென்னை அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்து வந்து சேரும். துணைக்குக் கட்டுமரங்கள் போகும், தண்ணீரில் விழுகிறவர்களைத் தூக்குவதற்கு.

நகரத்துக்கோ இது போதவில்லை. புயல் வந்தால் கப்பல்கள் உடைந்தன, சரக்கு மூழ்கியது. வியாபாரிகள் நெடுங்காலம் கேட்ட பிறகு, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு பெரிய அலைத்தடுப்புச் சுவர்கள் நீண்டன. வேலை முடியும் தறுவாயில் 1881 நவம்பரில் வந்த ஒரே புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின.

சுவர் ஒருவழியாக நின்ற பிறகுதான் வேறொரு சங்கதி தெரியவந்தது. சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தெற்கே இருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் ‘தெண்டி’ என்பார்கள். துறைமுகச் சுவர் அந்த மணலை வழிமறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றது; கவர்னர் கிராண்ட் டஃப் அதற்கு மெரினா என்று பெயர் வைத்து 1880களில் உலாவும் சாலை போட்டார். சுவருக்கு வடக்கே மணல் வருவது நின்றுபோனது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடல் கரையைத் தின்றது. தெருக்களும் குப்பங்களும் நூற்றுக்கணக்கான மீட்டர் அளவுக்குக் கடலுக்குள் போயின. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவருக்குக் கடலுக்கும் சாலைக்கும் நடுவே பல இடங்களில் தெரிவது கொட்டிய கருங்கல் மட்டும்தான். மாலையில் மெரினாவில் காற்று வாங்குகிறவர்களின் காலடியில் கிடப்பதில் வடசென்னைக்கு வர வேண்டிய மணலும் உண்டு.

இதைக் கடந்தகாலப் பொறியியல் பிழை என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. உலகப் பாதுகாப்பின் குணம் இந்தக் கல் சுவரில் அப்படியே தெரிகிறது. ஒரு கரைக்குக் கிடைத்த காப்பு, அடுத்த கரையின் மண்ணை எடுத்துக்கொண்டது. கப்பல் பத்திரமானது, படகோட்டியின் தொழில் போனது. விவிலியம் செல்வத்தைப் பற்றி எச்சரிக்கும்போது, அது அழிந்துபோகும் என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அது யாரிடமிருந்து வந்தது என்றும் கேட்கிறது. பிரசங்கங்களில் முதல் பாதியைக் கேட்கும் அளவுக்கு இரண்டாம் பாதியைக் கேட்க முடிவதில்லை.

காசு சேர்த்து வைக்கும் இடத்துக்கும் இதே கதைதான். ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அன்றைய முதல் கடற்கரைச் சாலையில், ஆர்பத்நாட் கம்பெனி இருந்தது. ஒரு நூற்றாண்டுப் பெயர் உள்ள வியாபார நிறுவனம். ஓய்வுபெற்ற அதிகாரிகளும் விதவைகளும் கோவில் சொத்துக்காரர்களும் அங்கே பணம் போட்டு வைத்திருந்தார்கள். அதைவிடப் பத்திரமான இடம் சென்னையில் இல்லை என்பது பேச்சு. 1906 அக்டோபர் 22 அன்று கம்பெனி கதவை மூடியது. லண்டன் பங்குதாரர் பேட்ரிக் மக்ஃபேடியன் ரயில்முன் விழுந்து உயிரை விட்டார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அதிர்ச்சியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். நூறாண்டு கழித்தும் பாடம் மாறவில்லை: 2022இல் வெளியே வந்த ஆருத்ரா கோல்டு வழக்கில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி என்ற வாக்கை நம்பித் தாலியை அடகு வைத்துப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

இந்த இரண்டையும் காட்டி, ‘பணத்தை நம்பாதே, தேவனை நம்பு’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தப் போதனையைக் கேட்கும் மீனவக் குடும்பத்துக்குச் சேமிப்பு ஆடம்பரம் இல்லை. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001இல் 45 நாளாகத் தொடங்கியது 2017இல் நீண்டது. அந்த இரண்டு மாதமும் காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்கள் என்று ஒரு படகை நம்பிப் பத்துக் குடும்பம் காத்திருக்கும். தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகளின் பங்கும் சேர்ந்து மீன் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பி வரும் சேமிப்புத் திட்டமும் உண்டு. கடலில் இறந்தால் ஐந்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு. இவை போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். போதாத இடத்தைக் கந்துவட்டி நிரப்புகிறது. இந்தச் சூழலில் ஒரு பெண் 1,500 ரூபாயைத் தவணை தவறாமல் கட்டுவதை விசுவாசக் குறைவு என்று எந்தப் போதகராவது சொன்னால், அவர் விவிலியத்தைச் சரியாக வாசிக்கவில்லை.

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் பணக்காரன் தானியம் சேர்த்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை. யோசேப்பும் எகிப்தில் ஏழு ஆண்டு தானியம் சேர்த்தார். அதனால் தேசமே பிழைத்தது. லூக்காவின் பணக்காரன் தன் ஆத்துமாவோடு மட்டும் பேசினான்; களஞ்சியத்தைப் பார்த்து இனிக் கவலை இல்லை என்று உட்கார்ந்தான். அவன் பேச்சில் கடவுள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரனும் இல்லை.

இதைவிடத் தெளிவான இடம் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரம். கடல்தொழில் தெரிந்தவர்கள் வாசித்தால் அதன் ஒவ்வொரு வரியும் உறைக்கும். கைதியாக ரோமுக்குப் போகும் பவுல் கோதுமைக் கப்பலில் இருக்கிறார். மொத்தம் 276 பேர். பருவம் தப்பிய பயணம். வடகிழக்குப் புயல் பிடித்துக்கொள்கிறது, பல நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. சரக்கைத் தள்ளுகிறார்கள், கப்பல் தளவாடங்களை எறிகிறார்கள். எல்லோரும் கைவிட்ட நேரத்தில் பவுல் எழுந்து, ஓர் உயிரும் போகாது, கப்பல் மட்டும் போகும் என்று கடவுள் தனக்கு வாக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார்.

பதினான்காம் நாள் இரவு ஆழம் குறைவதைக் குண்டு விட்டுப் பார்த்து, கப்பலின் பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கி, எப்போது விடியும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது மாலுமிகள் முன்பக்கமும் நங்கூரம் போடுவதாகப் பாவனை செய்துகொண்டு சிறுபடகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் உடனே நூற்றுவர் தலைவனிடம், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்கிறார். யாரும் சாகமாட்டார்கள் என்று கடவுளின் வாக்கைப் பெற்றவர்தான் இதையும் சொல்கிறார். மாலுமியின் கைவேலை இல்லாமல் வாக்கு நிறைவேறும் என்று அவர் காத்திருக்கவில்லை. பிறகு எல்லோரையும் சாப்பிட வைக்கிறார். பட்டினி கிடந்தவர்களால் நீந்த முடியாது. விடிந்ததும் நங்கூரங்களை அறுத்துவிட்டுக் கரைமேல் விடுகிறார்கள். கப்பல் மணலில் தட்டி உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், தெரியாதவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டும் மால்டா தீவில் கரையேறுகிறார்கள்.

இரும்பு நங்கூரம் அன்றிரவு உதவியது. காலையில் அதை அறுத்துவிட வேண்டியிருந்தது. கப்பல் அதுவரை சுமந்தது; பிறகு அதன் உடைந்த பலகை சுமந்தது. பவுல் இவை எதையும் இகழவில்லை, எதையும் பிடித்துக்கொண்டு தொங்கவும் இல்லை. கடவுள்மேல் எதிர்நோக்கு வைப்பது என்றால் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்த அதிகாரத்தைவிட நல்ல விடை கிடைப்பது கஷ்டம். உயிர்காப்பு மிதவை அணிவதும், ஜிபிஎஸ் கருவியைச் சரிபார்ப்பதும், வானிலை எச்சரிக்கை வந்தால் கரையில் நிற்பதும் இந்த எதிர்நோக்கோடு சேர்ந்தவை.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்தும் வருகிறது. கடவுளையே ஓர் உலகப் பாதுகாப்பாக மாற்றிவிடும் போதனை ஒன்று எங்கும் பரவியிருக்கிறது. ‘விதைக் காணிக்கை’ போடு, நூறு மடங்காக வரும். கடன் தீரும், புதுப் படகு வரும் என்கிறது அது. மாதம் 30 விழுக்காடு வட்டி என்ற வாக்குறுதிக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. படகு வராதபோது, ‘உன் விசுவாசம் குறைவு’ என்று பழியும் ஏழையின் தலையில் விழுகிறது. கடனோடு குற்ற உணர்வையும் சுமந்துகொண்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த மேடையில் யாரும் பதில் சொல்வதில்லை. எரேமியா இறைவாக்கினர் எருசலேம் ஆலய வாசலிலேயே நின்று, ஆலயம் இருக்கிறது என்ற தைரியத்தில் ஏழையை ஒடுக்காதீர்கள் என்று எச்சரித்தார். அவர் கண்ட நோய் இதுதான்: கடவுளின் பெயரால் கடவுளல்லாத ஒன்றை நம்புவது.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தப் போதனையை நிரந்தரமாக முடித்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. காசிமேட்டில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. சென்னைக் கரையில் 200க்கும் அதிகமானோர், தமிழ்நாடு முழுவதும் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் மேட்டில் இருந்த பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை; கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் ஏராளமாகச் செத்தார்கள். ஆலயம் தப்பியதை அற்புதம் என்று பலர் பேசினார்கள். அவர்களின் பக்தியில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் ஜெபம் செய்ய வந்து கடற்கரையில் இறந்த தாயும் பிள்ளையும் அந்தப் பேச்சில் எங்கே நிற்கிறார்கள்? கிறிஸ்தவ எதிர்நோக்கு அவர்களையும் உள்ளே வைத்துப் பேச முடியாவிட்டால் அது வெறும் அதிர்ஷ்டக் கணக்குதான். சிலுவையில் தொங்கியவரை எந்தக் கல் சுவரும் காக்கவில்லை. இறந்தவர்களை எழுப்பும் கடவுள்மேல் வைக்கப்பட்ட எதிர்நோக்கு என்பதால்தான், கல்லறைக் கல்லில் நங்கூரத்தைக் கீற முடிந்தது.

அப்படிப்பட்ட எதிர்நோக்கு ஆட்களைச் சும்மா உட்கார வைப்பதில்லை என்பதற்கு 2017 ஒக்கிப் புயல் சாட்சி. நவம்பர் 29, 30 தேதிகளில் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். காணாமல் போனவர்களின் எண்ணிக்கையில் அரசுக் கணக்கு ஒன்று, ஊர்க் கணக்கு ஒன்று. பங்கு ஆலயங்கள் வீடு வீடாகப் பெயர் எழுதிப் பட்டியல் போட்டன. குழித்துறை ரயில் நிலையத்தில் பெண்களும் குருக்களும் தண்டவாளத்தில் உட்கார்ந்து, தேடுங்கள் என்று கேட்டார்கள். சட்டப்படி, காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டு ஆக வேண்டும்; உடல் கிடைக்காத குடும்பம் அதுவரை நிவாரணத்துக்கும் காத்திருக்க வேண்டும். அந்த விதி இவர்களுக்காகத் தளர்த்தப்பட்டது. மறுமை வாழ்வை நம்புகிறவர்கள் இந்த வாழ்வின் காகிதங்களுக்காகவும் போராடினார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. முதலில் தண்ணீரில் இறங்கியவர்கள் மீனவர்கள். குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள்; கறுப்பாகிப்போன வலைகளை எரிப்பதைத் தவிர வழியில்லை. அவர்களில் இந்துக்கள் மிகுதி, கிறிஸ்தவர்களும் உண்டு. எண்ணெய் இரண்டு வீட்டு வலையையும் ஒரே மாதிரிதான் கெடுத்தது. கடவுள்மேல் எதிர்நோக்கு வைத்த சபை ஒன்று இந்தக் கரையில் இருக்குமானால், தன் ஆட்களுக்கு மட்டும் ஆறுதல் சொல்லிக்கொண்டு அது இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் வலைக்காகவும் அது வாய் திறந்தாக வேண்டும்.

இராயப்பர் என்று அழைக்கப்பட்ட பேதுருவும் மீனவர்தான். மத்தேயு 14ஆம் அதிகாரத்தில் அவர் தண்ணீர்மேல் நடந்தார் என்பதைப் பிள்ளைகளும் சொல்வார்கள். காற்றைப் பார்த்துப் பயந்து அவர் மூழ்கத் தொடங்கினார் என்பதும் அதே கதையில் இருக்கிறது. கூப்பிட்டதும் ஒரு கை நீண்டது. அவர் திரும்ப ஏறி உட்கார்ந்ததும் அதே பழைய படகில்தான்.

அவருடைய திருநாள் ஜூன் 29. தடைக்காலம் முடிந்து இரண்டு வாரம். ஜூன் 14 நள்ளிரவுக்கு முந்தைய நாட்களில் காசிமேட்டில் ஐஸ் ஏறும், டீசல் ஏறும், அரிசியும் தண்ணீர் கேனும் ஏறும். சும்மா கிடந்த நங்கூரக் கயிற்றை விரித்துப் போட்டு, இழை பிரிந்த இடத்தை அறுத்துவிட்டு மறுபடி பிணைப்பார்கள். திருநாள் வருவதற்குள் முதல் சுற்றுக்குப் போன படகுகள் பல திரும்பியிருக்கும். வஞ்சிரம் விழுந்த படகு எது, டீசல் காசுகூடத் தேறாத படகு எது என்று வார்ஃபில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். படகோட்டிகள் கட்டிய அந்த ஆலயத்தில் இரண்டு படகு ஆட்களும் திருப்பலிக்கு வந்து உட்காருவார்கள்.